சுடுகாட்டுப் பாதைக்குக் கொரம் இல்லை

என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் ஒரே சொல்லை ஏழு விதமாக எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொன்னவர் யார், எங்கே சொன்னார் என்று குறிப்பு உண்டு. எங்கள் ஊராட்சித் தலைவர் ‘கோரம்’ என்பார். துணைத் தலைவர் ‘க்வோரம்’. ஊராட்சி செயலர் ‘குவாரம்’. ஒன்றிய அலுவலகத்திலிருந்து கிராம சபையைப் பார்வையிட வரும் பற்றாளர் பேராவூரணிப் பக்கத்துக்காரர், அவர் ‘குவரம்’. மன்னார்குடியில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமையாசிரியை சிஸ்டர் ‘குவோரம்’. எதிர்வீட்டு அக்கா ‘கொரமு’. நான் ‘கொரம்’.

ஒரு கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் எண்ணிக்கைதான் அது. எங்கள் ஊரின் அளவுக்குக் கிராம சபையில் நூறு பேர். அரசாணையில் ‘குறைவெண் வரம்பு’ என்று நல்ல தமிழில்தான் இருக்கிறது. அதை ஒருவரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. இங்கே நான் கொரம் என்றே எழுதப்போகிறேன். திருத்த விரும்புகிறவர்கள் பென்சிலால் திருத்திக்கொள்ளலாம்.

அந்தச் சொல்லை நான் முதன்முதலில் சபையில் சொன்னது என் அம்மா இறந்த மூன்றாம் மாதம், குடியரசு தினத்தன்று. அம்மா கார்த்திகையில் இறந்தார். நான்கு நாள் விடாத மழை. எங்கள் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி, பாசன வாய்க்காலின் கரை. என் சிறு வயதில் அதில் மாட்டுவண்டி போனதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஓர் ஆள் ஒரு காலுக்கு முன் மறுகாலை வைத்து நடக்கும் அளவுக்குத்தான் கரை மிச்சம். மீதியெல்லாம் பக்கத்து வயலோடு வயலாகப் போய்விட்டது. பாடையைத் தூக்குகிறவர்கள் நால்வரும் கரையில் நடக்க முடியாது. இருவர் வயலுக்குள் இறங்கித்தான் ஆகவேண்டும். சம்பாப் பயிர் முழங்காலுக்கு மேல் நின்றது. வயலில் இறங்கிய என் தம்பி தொடை வரை சேற்றில் புதைந்தான். பாடை சரிந்தது. அம்மாவின் வலது கால் வயல் தண்ணீரில் முங்கி எழுந்தது. நான் அதைப் பார்த்தேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை என்ற வழக்கத்தை அன்று நான் மீறியிருந்தேன். அதனால்தான் பார்த்தேன்.

அந்த வயல் துணைத் தலைவருடையது. மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அன்று காலையில் மலர்மாலை வாங்கிக்கொண்டு எங்கள் வீடு வரை வந்தார், மழையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அதை மறைக்க மாட்டேன். மறுநாள் தன் ஆள் மூலம், “அடுத்த தடவ பயிரப் பாத்துக் கால வைக்கச் சொல்லுங்க” என்று சொல்லியனுப்பியவரும் அவர்தான்.

நான் நான்காவது வார்டு உறுப்பினர். அம்மா இறந்த நாற்பதாம் நாள் மனு எழுதினேன். வாய்க்கால் புறம்போக்கை அளந்து கல் நட்டு, சுடுகாடு வரை கரையை அகலப்படுத்தித் தர வேண்டும் என்று வட்டாட்சியரைக் கேட்டுக் கிராம சபை தீர்மானம் போட வேண்டும். அவ்வளவுதான் கோரிக்கை. ஐந்து வரி.

குடியரசு தினச் சபையில் அது பொருள் நிரலின் கடைசியில், பதினான்காவதாக இருந்தது. பதின்மூன்று முடிந்து செயலர் பதினான்கைப் படிக்க ஆரம்பித்தபோது துணைத் தலைவர் எழுந்தார்.

“ஒரு நிமிஷம். க்வோரம் இருக்கா?”

விரலை நீட்டித் தலைகளை எண்ணினார். நானும் என் இடத்திலிருந்தே எண்ணினேன். ஐம்பத்தேழு.

“க்வோரம் இல்லை. இந்தப் பொருளை அடுத்த சபைக்கு ஒத்திவைக்கலாம்.”

“சார், மத்த பதிமூணுக்கும் கொரம் இருந்துச்சுங்களா?” என்றேன்.

அவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு, வகுப்பறைச் சிரிப்பு. “கொரம் இல்லம்மா. க்வோரம். உதட்டக் குவிக்கணும். க்வோ… சொல்லுங்க பாப்போம்.”

முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவர், “சார் இங்கயும் கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு” என்றார். இன்னும் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே கூட்டம் எழுந்துவிட்டது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் கவனித்தேன். உதட்டைக் குவிக்கிற அவசரத்தில் எனக்கே மறந்துவிட்டது.

மறுநாள் பள்ளியில் சிஸ்டரிடம் கேட்டேன். நான் அங்கே அலுவலக எழுத்தர். இருபத்திரண்டு வருடமாக வருகைப் பதிவேடுகள் என் பொறுப்பு. சிஸ்டர் கன்னியர் மடத்தில் பயிற்சியில் இருந்தபோது கொஞ்சம் லத்தீன் படித்தவர்.

“அவர் சொல்றது சரிதான், இங்கிலீஷ்ல அப்படித்தான்” என்றார். “ஆனா அது இங்கிலீஷ் வார்த்தையே இல்ல. லத்தீன். ‘யாருடைய’ன்னு அர்த்தம்.”

“யாருடைய?”

“ஆமா. ‘இவர்களில் யாருடைய வருகை இருந்தால்’ அப்படின்னு பழைய ஆணைகள்ல வரும். இங்கிலீஷ்காரனே அத அவன் வாய்க்கு வந்தபடிதான் சொல்றான். நீ உன் வாய்க்கு வந்தபடி சொல்லு.”

சிஸ்டர் சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன். மே தினச் சபையில் அது உதவவில்லை. அன்றும் எங்கள் பாதை கடைசியில். அன்றும் துணைத் தலைவர் எழுந்தார், எண்ணினார். நாற்பத்தொன்பது. நான் கொரம் என்றேன், அவர் க்வோரம் என்றார், முன்வரிசை சிரித்தது. சுதந்திர தினத்தில் அறுபத்தொன்று. இந்தத் தடவை நான் விடவில்லை.

“ஆரம்பிக்கும்போது நீங்க எண்ணலியே சார். அப்பவும் நூறு பேர் இல்லியே.”

“யாரும் கேள்வி எழுப்பலியேம்மா. எழுப்பினாத்தான் எண்ணணும். அதுதான் ப்ரொசீஜர். பார்லிமென்ட்லயும் அப்படித்தான்.”

“வருகை நோட்டுல நூத்தி முப்பத்தோரு கையெழுத்து இருக்குங்களே?”

செயலர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலைவர், “கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. ஆளுக்கு ஆயிரம் வேலை” என்றார்.

அந்த நூற்று முப்பத்தொன்றில் பெரும்பகுதி எங்கள் தெருக் கையெழுத்துகள். அது எனக்குத் தெரியாததல்ல. கிராம சபைக்கு முதல் நாள் செயலர் வருகை நோட்டோடு நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு வருவார். எங்கள் தெருப் பெண்கள் மண்வெட்டியைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். கூட்டம் நாளைக்கு, வருகை இன்றைக்கு. நான் சிறுமியாக இருந்தபோது இல்லாத பழக்கம். எப்போது வந்தது என்று யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் வசதியாக இருந்தது. செயலருக்கு எண்ணிக்கை கிடைத்தது. பெண்களுக்கு விடுமுறை நாள் மிச்சமானது. என் பள்ளியில் ஒரு பிள்ளையின் நாளைய வருகையை இன்றைக்கே குறித்தால் நான் அந்த ஆசிரியரைச் சும்மா விடமாட்டேன். சொந்த ஊரில் அது தப்பென்று உறைக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. இதை என் கணக்கில்தான் எழுத வேண்டும்.

அன்று மாலையே எதிர்வீட்டு அக்காவிடம் கேட்டேன். நூறு நாள் வேலையில் அக்கா சொன்னால் தெருவே கேட்கும். “ஏங்க்கா கூட்டத்துக்கு வரல? பாதை விஷயம்னு சொல்லியிருந்தேன்ல?”

“நாந்தான் நேத்தே கையெழுத்துப் போட்டுட்டேனே.”

“போட்டா வந்ததா ஆயிருமா?”

“பின்ன? கூட்டம்னாலே அதுதானே. நோட்டு வரும், போடுவோம். ஒங்க அம்மாவும் போட்டுக்கிட்டுதான் இருந்துச்சு.”

“அக்கா, அந்தக் கையெழுத்த வச்சு அவங்க பதிமூணு தீர்மானம் போடுறாங்க. நம்மளுது வரும்போது மட்டும் எந்திரிச்சுத் தலைய எண்ணுறாங்க.”

அக்கா கேட்டார், “அப்ப நாம போடலன்னா?”

“கொரம் இருக்காது. பதினாலும் கெடையாது.”

“இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடி?” என்றார் அக்கா. “ஏழெட்டு மாசமா அந்த ஆளுகூட வாய்ப்பாட்டுப் பாடிக்கிட்டு இருந்திருக்க.”

காந்தி ஜெயந்திக்கு முதல் நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நானும் வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். குளத்து வரத்து வாய்க்காலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டு பத்துக்குச் செயலர் வண்டியில் வந்தார். நோட்டைத் திறந்து பேனாவை நீட்டினார். யாரும் எழுந்து வரவில்லை.

“என்னக்கா, வாங்க, வெயில் ஏறுது.”

“நாளைக்குக் கூட்டத்துக்கு வர்றோம். அங்க போடுறோம்” என்றார் அக்கா.

“நாளைக்கு எதுக்கு அலையுறீங்க? இங்கயே போட்டுட்டா முடிஞ்சிது.”

“முடிஞ்சிடக்கூடாதுன்னுதான்.”

பெண்கள் சிரித்தார்கள். செயலர் என்னைப் பார்த்தார். “மேடம், நீங்க செய்றது நல்லால்ல. குவாரம் காட்டலன்னா பி.டி.ஓ. என்னையத்தான் கேப்பாரு. என் வேலைக்கு வேட்டு வச்சிடாதீங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கையெழுத்துப் போடாதவங்களுக்கு அடுத்த வாரம் வேலை இல்லன்னு தலைவர் சொல்லச் சொன்னாரு” என்றார்.

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். “அப்படியா தம்பி? அதையும் அந்த நோட்டுல எழுதிக் குடு. அதுக்குக் கீழ எல்லாரும் போடுறோம்.”

செயலர் நோட்டை மூடிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் அல்ல. போகும்போது, “நாளைக்காவது வந்துருவீங்களா?” என்று திரும்பிக் கேட்டார். உண்மையான பயம் அது.

மறுநாள் பதினொரு மணிக்குச் சபை. சமுதாயக் கூடத்தில் காந்தி படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். எங்கள் தெருக்காரர்கள் ஆணும் பெண்ணுமாக எதிர்ச்சாரியில், தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார்கள். கூடத்துக்குள் ஒருவரும் வரவில்லை. அப்படித்தான் பேசிவைத்திருந்தோம். பாதை அன்றும் பதினான்காவதாகக் கடைசியில்தான் இருந்தது. செயலர் முதல் பொருளைப் படிக்க எழுந்ததும் நானும் எழுந்தேன்.

“தலைவரே, கொரம் இருக்குதா? எண்ணணும்.”

முன்வரிசையில் ஒருவர், “ஆரம்பிச்சிட்டாங்கய்யா” என்றார். துணைத் தலைவர் வழக்கம்போல, “க்வோரம்மா” என்றார்.

“நீங்க எப்படி வேணா சொல்லுங்க சார். நான் கேட்டது எண்ணிக்கை. யாராவது எழுப்பினா எண்ணணும்னு நீங்கதான் சொன்னீங்க. எழுப்பிட்டேன்.”

பற்றாளர் எழுந்து நிதானமாக எண்ணினார். “முப்பத்தெட்டு. குவரம் இல்லீங்க தலைவரே.” என் எண்ணிக்கையும் முப்பத்தெட்டுதான்.

தலைவருக்கு வியர்த்துவிட்டது. அன்று நிறைவேறியே தீரவேண்டிய இரண்டு தீர்மானங்கள் அவரிடம் இருந்தன, ஒன்றியத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். “அங்க அத்தன பேர் நிக்கிறாங்களே, கூப்புடுங்கம்மா. ஒங்க ஆளுங்கதானே.”

நான் கூப்பிடவில்லை. சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல் கொடுத்தார். “பாதைய மொத நம்பரா எடுங்க. வந்து ஒக்காருறோம்.”

“இது மிரட்டல்” என்றார் துணைத் தலைவர். “சபையை இப்படி நடத்த முடியாது. க்வோரம் இல்லாம…”

“சார், அவங்கதாங்க கொரம்” என்றேன். “இத்தன வருஷமா இந்த நோட்டுல இருக்கிறது அவங்க பேர்தான். அவங்க இல்லாம நீங்க ஒரு தெருவிளக்குக்குக்கூடத் தீர்மானம் போடல. இன்னைக்கு ஆளாவே வந்து நிக்கிறாங்க. மிரட்டல்னு சொல்லாதீங்க.”

முன்வரிசை சிரிக்கவில்லை.

துணைத் தலைவர் விடவில்லை. அவருடைய அடுத்த கேள்வி சரியான கேள்வி. “பொருள் நிரல் வரிசைய மாத்த சபைக்குத்தான் அதிகாரம். இப்ப இருக்கிற முப்பத்தெட்டு பேர் சபையே இல்ல. அப்ப மாத்துறது யாரு?” பற்றாளரைப் பார்த்தேன். “சார் சொல்றது சரிதாங்க. மொதல்ல அவங்க வரணும். வந்தப்புறம் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம்” என்றார்.

நான் இதை யோசித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்கிற நான் இதை எழுதிப் பார்க்கவில்லை. சாலையைக் கடந்து மரத்தடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

“உள்ள போனா கவுத்துடுவாங்க” என்றார் அக்கா. “நாம ஒக்காந்ததும் எண்ணிக்குவாங்க, பழையபடி கடைசிக்குத் தள்ளுவாங்க.”

“ஒக்காந்தா போதும்க்கா. நம்ம தீர்மானம் எழுதி முடியிற வரைக்கும் கையெழுத்துப் போட வேணாம். நோட்டு என் மடியில இருக்கும். வரிசைய மாத்தறதுக்குக் கை தூக்குங்க. நாமதான் அங்க அதிகம்.”

“நோட்ட ஒங்கிட்ட குடுப்பானா?”

“வாங்கிக்கிட்டு வர்றேன்.”

திரும்பிப் போய்ச் செயலரிடம் கையை நீட்டினேன். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கூரையைப் பார்த்தார். செயலர் நோட்டைக் கொடுத்துவிட்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். பிறகுதான் தெரு உள்ளே வந்தது. பற்றாளர் மறுபடி எண்ணினார். நூற்று நாற்பத்தாறு.

வரிசையை மாற்றக் கை தூக்கியவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். பதினான்காவது முதலாவது ஆயிற்று. செயலர் தீர்மானத்தை எழுதிப் படித்தார். “வட்டாட்சியர் அவர்கள் மேற்படி வாய்க்கால் புறம்போக்கை அளந்து எல்லைக் கல் நட்டு…”

“‘சாத்தியமிருப்பின்’னு ஒரு வார்த்தை சேத்துக்கலாம்” என்றார் துணைத் தலைவர். “தீர்மானம்னா அப்படித்தான் எழுதுவாங்க.”

“வேண்டாங்க சார்.”

“அது ஒரு மரியாதைக்கும்மா.”

“அந்த வார்த்த இருந்தா அவங்க சாத்தியமில்லைன்னு ஒரு வரி எழுதி அனுப்பிடுவாங்க. அத வாங்கிட்டு வந்து அடுத்த கார்த்திகையில நாங்க யாரக் கேக்கறது?”

அவர் முதன்முறையாக விதிமுறையை விட்டுவிட்டுப் பேசினார். “அது எங்க அப்பா காலத்துலேர்ந்து எங்க வரப்பு. நான் தள்ளிப் போடல.”

பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருடைய அப்பா தள்ளிப் போட்டிருக்கலாம், அல்லது வருடா வருடம் வரப்பைச் செதுக்கிக் கழித்த ஆட்கள் ஒரு சாண் ஒரு சாணாகத் தள்ளியிருக்கலாம். “அளக்கட்டும் சார்” என்றேன். “ஒங்க எடம்னா கல்லு ஒங்க பக்கத்துல வராது. அதுக்கும் சேத்துத்தான் இந்தத் தீர்மானம்.”

சாத்தியமிருப்பின் சேர்க்கப்படவில்லை. துணைத் தலைவர் கை தூக்கவில்லை, எதிர்க்கவும் இல்லை. செயலர் தீர்மானத்தை முழுதாக எழுதி, நான் இரண்டு தடவை வாசித்து, ‘வடகரை’ என்று தவறாக இருந்ததைத் ‘தென்கரை’ என்று திருத்தி, தலைவர் அதில் கையொப்பமிட்ட பிறகு வருகை நோட்டைத் திறந்து கீழே வைத்தேன். எல்லாரும் போட்டு முடிக்க ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. போட்டுவிட்டும் யாரும் எழுந்து போகவில்லை. மற்றப் பதின்மூன்றையும் கேட்டார்கள். நான்காவது பொருளில் எங்கள் தெருக் குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருவது பற்றி அக்கா எழுந்து கேட்டார். தலைவர் பதில் சொன்னார். பதில் சரியில்லை என்று அக்கா இன்னொரு தடவை கேட்டார். கூட்டம் முடிய மூன்றரை ஆனது. அதற்கு முன் எங்கள் ஊரில் அவ்வளவு நீளமான கிராம சபை நடந்து நான் எழுதியதில்லை.

அடுத்த வாரம் வேலை இல்லை என்று யாரையும் நிறுத்தவில்லை. தீர்மானத்தின் நகலோடு நான் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பதினொரு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார்கள் என்பது தேதியோடு இருக்கிறது. அறுவடை முடிந்து, தை கடைசியில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். துணைத் தலைவர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று முழுவதையும் பார்த்தார். அவர் வயலுக்குள் ஒரு முனையில் ஏழு அடியும் மறுமுனையில் ஐந்தரை அடியும் வாய்க்கால் புறம்போக்கு. ஒன்பது கல் நட்டார்கள்.

மண் இன்னும் கொட்டவில்லை. ஒன்றியத்தில் மதிப்பீடு போட்டிருக்கிறார்கள் என்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் விடுவதற்குள் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு சம்பா. இதற்காகவே அடுத்த சபைக்கும் எங்கள் தெரு முழுதாக வரும். நோட்டு வேலையிடத்துக்கு இப்போது வருவதில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் கரையோரம் நடந்து கல்லை எண்ணிக்கொண்டிருந்தேன். வாரம் ஒருமுறை எண்ணுவது வழக்கமாகிவிட்டது. துணைத் தலைவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வரப்பில் இறங்கி வந்தார்.

“என்னம்மா, நான் புடுங்கிப் போட்டுடுவேன்னு பயமா?”

“ஒங்களுக்குப் பயந்து இல்லீங்க சார். உழவு ஓட்டுற டிராக்டருக்கு.”

“எத்தன இருக்கு?”

“எட்டு எண்ணியிருக்கேன். ஒன்பதாவது அந்த நுணா மரத்துக்கு அந்தாண்ட இருக்கணும்.”

அவர் மரத்தைப் பார்த்தார். “வாங்க, பாத்துடலாம்” என்று முன்னால் நடந்தார். கல் சாய்ந்து கிடந்தது. டிராக்டர் சக்கரம் ஏறிய தடம் பக்கத்திலேயே இருந்தது. அவர் குனிந்து தூக்கப் பார்த்தார், தனி ஆளாக முடியவில்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன். நிமிர்த்திவிட்டோம். பழைய குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அவர் வயலுக்குச் சாதகமாக நின்றது.

“இங்க இல்லீங்க சார்” என்றேன். “இந்தாண்ட.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மறுபடி குனிந்தார்.